முன்னெச்சரிக்கைத் தரையிறக்கம்: பயிற்சி மாணவர் தடுமாறும் இடங்களும் திருத்தும் வழிகளும்

எஞ்சின் ஓடுகிறது, விமானம் சொல்வதைக் கேட்கிறது, ஆனால் தொடர்ந்து பறந்தால் நிலைமை மோசமாகும். அப்படிப்பட்ட நேரத்தில் விமானி தானாக முடிவெடுத்து, இடம் தேடி, அதை மேலிருந்து பார்த்து இறங்குவதுதான் முன்னெச்சரிக்கைத் தரையிறக்கம். முகில் தாழ்ந்து வருவது, வழி தவறுவது, எரிபொருள் குறைவது, இருட்டப்போவது, எண்ணெய் அழுத்தம் மெல்ல மெல்ல இறங்குவது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். பல பாடத்திட்டங்களில் எஞ்சின் நின்ற பின் இறங்குவது 16ஆவது பயிற்சி, இது 17ஆவது. அடுத்தடுத்து வருவதால் மாணவர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறார். எஞ்சின் நின்றால் கையில் இருப்பது உயரம் மட்டும். இங்கே நேரம் இருக்கிறது. பயிற்றுநரான நீங்கள், மாணவர் அந்த நேரத்தை எங்கே தொலைக்கிறார் என்று பார்த்தால் அனேகமாக எல்லாப் பிழைகளின் வேரும் தெரிந்துவிடும்.

கீழே வரும் எண்கள் செஸ்னா 152 என்ற இரண்டு ஆசனப் பயிற்சி விமானத்துக்கு உரியவை. உங்கள் விமானம் வேறென்றால் அதன் கைநூலைத் திறந்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், முறை மாறாது. 152இன் கைநூல் சொல்வது சுருக்கமானது: 60 நொட் (மணிக்கு 60 கடல்மைல்), ஃப்ளாப் (சிறகின் பின்னோரத்தில் இறங்கும் மடல்) 20 பாகை, தெரிந்தெடுத்த இடத்தின் மேலாகப் பறந்து பார்த்தல், ஃபைனலில் (இறங்கும் இடத்தை நேரே நோக்கி வரும் கடைசிக் கட்டத்தில்) ஃப்ளாப் 30 பாகை, 55 நொட், மின்சாரத்துக்கான மாஸ்டர் சுவிட்சை நிறுத்துதல், தரை தொடுமுன் கதவுகளின் பூட்டை விடுவித்தல், வால் சற்றுத் தாழ்ந்த நிலையில் தொடுதல், இக்னிஷனை நிறுத்துதல், பிரேக்கைப் பலமாகப் பிடித்தல். பயிற்சியில் மாஸ்டர், இக்னிஷன், கதவு மூன்றையும் மாணவர் கையால் சுட்டிக்காட்டிச் சொன்னால் போதும், இயக்கக் கூடாது.

"இன்னும் கொஞ்சம் போய்ப் பாப்பம், சேர்"

முகிலின் அடிப்பகுதி 1,500 அடியிலிருந்து 1,200க்கும் பிறகு 900க்கும் வருகிறது. மாணவர் அதற்கேற்பத் தானும் இறங்கிக்கொண்டே போகிறார். கேட்டால் இந்தப் பதில்தான் வரும். இது துணிச்சலால் வருவதில்லை. எந்தப் புள்ளியில் முடிவெடுப்பது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வானிலை ஒரேயடியாகக் கெடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும்போது, ஒவ்வொரு நிமிடமும் போன நிமிடத்தைப் போலத்தான் தெரியும்.

புறப்படுமுன் முழங்கால் பலகையில் நான்கு எண்களை எழுதச் சொல்லுங்கள். உதாரணமாக: முகிலின் அடிப்பகுதி 1,000 அடி, பார்வைத் தூரம் 5 கிலோமீற்றர், எரிபொருள் 45 நிமிடம், நேரம் பின்னேரம் 5.15. இவற்றில் 5 கிலோமீற்றர் என்பது தாழ்ந்த உயரத்தில் கண்ணால் பார்த்துப் பறப்பதற்கான சர்வதேச விதியிலிருந்தே வருகிறது. மற்றவை பாடத்துக்காக நீங்களும் மாணவரும் சேர்ந்து வைக்கும் எல்லைகள். நேரத்தையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொழும்பில் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5.50க்கும் 6.30க்கும் இடையில்தான் இருக்கும். அதற்குப் பின் வெளிச்சம் நிற்பது 20 நிமிடத்துக்குச் சற்று மேல். வெளிநாட்டுப் பாடநூலில் நீண்ட அந்தியைப் பற்றி வாசித்த மாணவர் இங்கே ஏமாந்துபோவார்.

பிறகு வானில், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே வானிலையைக் கெடுங்கள்: "முகில் இப்போ 1,300", "இப்போ 1,100", "ஹொரணைப் பக்கம் மழை, மூன்று கிலோமீற்றர்தான் தெரியுது". தூண்டிவிடாதீர்கள். எல்லை தாண்டிய நேரத்தையும் அவர் "இறங்குகிறேன்" என்று சொல்லும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இடைவெளி ஒரு நிமிடத்துக்குள் வரும்வரை அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை வானம் துடைத்துவிட்டதுபோல இருந்து, மதியத்துக்குப் பின் உள்நாட்டில் இடிமுகில் கட்டும். அந்த மாதங்களில் இந்தப் பயிற்சிக்குக் கற்பனை அதிகம் தேவைப்படாது.

முடிவெடுத்தவுடன் மாணவர் முதலில் கேட்க வேண்டியது "எந்த வயல்?" என்றல்ல, "எந்த ஓடுபாதை?" என்று. இரத்மலானை விமான நிலையத்துக்கோ கொக்கலை விமான நிலையத்துக்கோ எல்லைக்குள் போய்ச் சேர முடியுமென்றால் அதுதான் விடை. வெளி நிலம் கடைசித் தெரிவு.

பச்சையாக, தட்டையாக இருப்பதை எல்லாம் ஓடுபாதை என்று எண்ணுகிறார்

இதில்தான் மிக நீண்ட நேரம் செலவழிக்க வேண்டும். பயிற்சிப் புத்தகங்கள் பெரும்பாலும் புல்வெளியும் கோதுமை நிலமும் உள்ள நாடுகளில் எழுதப்பட்டவை. இலங்கையின் மேற்கு மாகாணத்தில் மேலிருந்து பார்த்தால் மிகத் தட்டையாக, மிகப் பச்சையாக, மரமில்லாமல் தெரிவது வயல். பண்டாரகமை, ஹொரணைப் பக்கம் மாணவரின் விரல் நேரே அதைத்தான் காட்டும். பச்சை என்றால் பயிர் நிற்கிறது, பயிர் நின்றால் தண்ணீர் நிற்கிறது, தண்ணீருக்கடியில் சேறு. மூக்குச் சில்லு சேற்றில் புதைந்தால் விமானம் குப்புறக் கவிழும். இன்னும் ஏமாற்றுவது கைவிடப்பட்ட வயல். அதில் பயிர் இல்லாததால் மைதானம்போலத் தெரியும், ஆனால் புல்லுக்கு அடியில் சதுப்பு.

அறுவடை முடிந்த வயல் காய்ந்திருக்கும். பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில், சிறுபோக அறுவடை ஓகஸ்ட், செப்டெம்பரில். அப்போதும் வரப்பு இருக்கிறது. சில பத்து மீற்றருக்கு ஒரு வரப்பு என்று குறுக்கே ஓடும். 500 அடியிலிருந்து அது கோடுபோலத் தெரியும், 50 அடியிலிருந்து சுவர்போலத் தெரியும். வேறு வழியே இல்லாமல் வயலைத் தெரிந்தெடுத்தால், பாத்திகளின் நீளவாக்கில் இறங்குவது என்ற ஒரே விதியைச் சொல்லிக்கொடுங்கள். காற்று கொஞ்சம் பக்கவாட்டில் இருந்தாலும் பரவாயில்லை.

கடற்கரையைப் பற்றி மாணவருக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை இருக்கும். பாணந்துறைக்குத் தெற்கே கரை பல இடங்களில் ஒடுங்கியது, கடலை நோக்கிச் சரிந்தது. கருங்கல் தடுப்புகள் உண்டு, வள்ளங்களும் வலைகளும் உண்டு, பல இடங்களில் ரயில் பாதையும் மின்கம்பிகளும் கரையை ஒட்டியே ஓடுகின்றன. இங்கே ஏற்ற இறக்கத்தில் கடல்மட்டம் ஒரு மீற்றர்கூட மாறாது, ஆகவே வற்றும் நேரம் பார்த்தாலும் அகலமான ஈரமணல் கிடைக்காது. கிடைக்கும் இடத்தில் உலர்ந்த மணலைத் தவிர்த்து, அலை நனைத்து இறுகிய பட்டையில் கரையோடு இணையாக இறங்க வேண்டும்.

அதிவேகப் பாதை? தெற்கு அதிவேக வீதியில் வாகனங்கள் 100 கிலோமீற்றர் வேகத்தில் போகின்றன. அது 54 நொட், உங்கள் ஃபைனல் வேகத்துக்கு ஏறத்தாழச் சமம் என்று ஆசைகாட்டும் கணக்கை மாணவர் போடுவார். மேம்பாலங்களையும் குறுக்கே நிற்கும் அறிவிப்புப் பலகைகளையும் நடுத் தடுப்பையும் சிறகின் நீளத்தோடு ஒப்பிடச் சொன்னால் ஆசை போய்விடும். பாடசாலை மைதானம் நீளத்திலேயே தோற்றுவிடும், பிள்ளைகள் வேறு நிற்பார்கள். வடக்கே புத்தளம் பக்கம் நெடுந்தூரப் பயிற்சி போனால் உப்பளங்கள் வெள்ளையாகத் தட்டையாகத் தெரியும், அங்கேயும் வரப்புத்தான், தண்ணீர்தான்.

மிஞ்சுவது என்ன? மேய்ச்சல் தரை, வீடு கட்டத் துப்புரவாக்கி இறுக்கிய பெரிய காணி, உலர்ந்த தரிசு நிலம். இவை குறைவு. அதனால்தான் ஒவ்வொரு பயிற்சிப் பறப்பிலும், பாடம் வேறாக இருந்தாலும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "இப்போது இறங்குவதென்றால் எங்கே?" என்று கேட்டுப் பழக்குங்கள். ஒரு மாதத்தில் மாணவரின் தலைக்குள் சொந்த வரைபடம் ஒன்று உருவாகியிருக்கும்.

நீளத்தைத் தவறாகக் கணக்கிடுகிறார்

கண்ணளவில் சொல்லச் சொன்னால் பெரும்பாலும் கூட்டித்தான் சொல்வார்கள். கடிகாரத்தால் அளக்கப் பழக்குங்கள். 60 நொட் என்றால் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 31 மீற்றர். இங்கேதான் பொறி இருக்கிறது. அந்த 31 மீற்றர் தரைவேகத்துக்குரியது, வேகமானியில் தெரிவது காற்றுவேகம். 10 நொட் எதிர்க்காற்றில் தரைவேகம் 50 நொட், செக்கனுக்கு சுமார் 26 மீற்றர்தான். நிலத்தின் இரு முனைகளுக்கும் இடையில் 16 செக்கன் எண்ணிய மாணவர் 496 மீற்றர் என்று எழுதுவார், உண்மையில் 410 மீற்றருக்குக் கிட்ட. எதிர்க்காற்றில் பார்க்கும்போது பிழை எப்போதும் ஆபத்தான பக்கமே சாயும். ஆகவே எண்ணுமுன் காற்றைக் கழிக்கச் சொல்லுங்கள்.

தேவையான நீளம் எவ்வளவு? கடல்மட்டத்தில் 30 பாகை வெப்பத்தில், காற்றில்லாமல், குறுநிலத் தரையிறக்க அட்டவணைப்படி தரையில் ஓடும் தூரம் ஏறத்தாழ 500 அடி. 50 அடி உயரத் தடையைத் தாண்டி நிற்பதற்கு மொத்தம் 1,240 அடி. உலர்ந்த புல் என்றால் ஓடும் தூரத்தில் 45 விழுக்காட்டைக் கூட்ட வேண்டும், அதாவது 225 அடி. மொத்தம் 1,465 அடி, 447 மீற்றர். இது புது விமானத்தில் தேர்ந்த விமானி எடுத்த அளவு. பிரித்தானிய சிவில் விமான அதிகாரசபை இறங்குவதற்குப் பரிந்துரைக்கும் 1.43 மடங்கைப் போட்டால் ஏறத்தாழ 640 மீற்றர். காற்றில்லாத நாளில் 60 நொட்டில் 21 செக்கன். மாணவர் மனதில் நிற்க வேண்டிய எண் இந்த 21. குட்டையான ஈரப்புல் வழுக்கும், அதில் ஓடும் தூரம் 60 விழுக்காடு வரைகூட கூடலாம்.

தென்னையைக் கணக்கில் சேர்க்க மறக்கிறார்களா என்று பாருங்கள். மேலே சொன்ன கணக்கில் 50 அடி, அதாவது 15 மீற்றர்த் தடையைத் தாண்டி தரை தொடுவதற்கே 225 மீற்றர் போகிறது. நிலத்தின் வாசலில் 20 மீற்றர்த் தென்னை நின்றால், அதே சரிவில், சில்லு தரையைத் தொடுமுன் 300 மீற்றர் கழிந்துவிடும். 500 மீற்றர்க் காணியில் ஓடி நிற்க மிஞ்சுவது 200.

பார்வைச் சுற்றில் உயரம் கரைகிறது

500 அடியில் நிலத்தைப் பார்த்தபடி போக வேண்டிய மாணவர் முனைக்கு வரும்போது 380 அடியில் இருக்கிறார். பெரும்பாலும் டிரிம் செய்யாமல் (கையை எடுத்தாலும் மூக்கு நிலைமாறாதபடி சமன் செய்யாமல்) பார்க்கத் தொடங்கியிருப்பார். தலையை இடது பக்கம் திருப்பினால் கையும் கூடவே திரும்பும், மூக்கு தாழும். சுற்றுக்குமுன், இன்னும் தொலைவில் இருக்கும்போதே, 60 நொட், ஃப்ளாப் 20, உயரம் மாறாமல் நிற்க எத்தனை ஆர்.பி.எம். (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) என்று கண்டு, டிரிம் செய்து, கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஆர்.பி.எம். எண்ணைப் பலகையில் எழுதட்டும். பிறகு பார்வை ஒழுங்கு: நிலத்தில் இரண்டு செக்கன், முன்னே தொடுவானத்தில் ஒரு செக்கன், கருவிகளில் ஒரு செக்கன். வாயால் "நிலம், முன், கருவி" என்று சொல்லச் சொன்னால் கண் தானாகப் பின்பற்றும்.

எங்கே பறக்கிறார் என்பதையும் கவனியுங்கள். மாணவர் இடது ஆசனத்தில் இருக்கிறார். நிலத்துக்கு வலப்பக்கமாக, 100 முதல் 150 மீற்றர் தள்ளி, இறங்கப்போகும் திசையிலேயே பறந்தால்தான் அது அவர் சன்னலில் தெரியும். நேர் மேலாகப் பறந்தால் மூக்குக்கு அடியில் மறைந்துவிடும், நீங்கள் வலது சன்னலால் பார்த்துச் சொல்ல வேண்டிவரும்.

உயரமானி விடயத்தில் எங்கள் பக்கத்துக்கே உரிய ஒன்று உண்டு. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். காலை 10 மணியளவில் உச்சம், பின்னேரம் 4 மணியளவில் தாழ்வு, இடையில் 3 அல்லது 4 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 27 அடி. காலையில் உயரமானியில் வைத்த கியூ.என்.எச். (கடல்மட்டக் காற்றழுத்தம்) அளவோடு பின்னேரம் 4 மணிக்கு 500 அடி என்று பறப்பவர் உண்மையில் 80 முதல் 100 அடி தாழ்ந்து போகிறார். அதற்குமேல் உள்நாட்டு நிலத்தின் உயரத்தையும் கழிக்க வேண்டும். தென்னந்தோப்புகளுக்கு மேல் இது சிறிய தொகையல்ல. எல்லா இறக்கத்துக்கு முன்னும் டவரிடம் (விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம்) புதிய அளவைக் கேட்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஊன்றுங்கள்.

500 அடிக்குக் கீழே இறங்கிப் பார்க்கும் இரண்டாவது சுற்றை வெளி நிலத்தில் பயிற்சியாகச் செய்ய வேண்டாம். தரைக்கோ தண்ணீருக்கோ மேல் 500 அடி, ஊருக்கு மேலென்றால் 600 மீற்றர் வட்டத்துக்குள் உள்ள மிக உயர்ந்த தடையிலிருந்து 1,000 அடி: சர்வதேச விதி இது. தாழ்ந்த சுற்றை டவரின் அனுமதியோடு ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் செய்யுங்கள்.

திரும்பும்போது வேகம் விழுகிறது, பந்து நடுவில் இல்லை

இந்தப் பயிற்சியில் உயிரைப் பறிக்கக்கூடியது இந்த அறிகுறிதான். பந்து என்பது விமானம் பக்கவாட்டில் வழுக்குகிறதா என்று காட்டும் கருவியில் உள்ளது. சுற்று முடிந்து டவுன்விண்ட் பக்கம் (இறங்கும் திசைக்கு எதிராக, காற்றோடு போகும் பக்கம்) திரும்பியதும் மாணவரின் வலது கையைப் பாருங்கள். 10 நொட் காற்றென்றால் இதுவரை தரை 50 நொட்டில் நகர்ந்தது, இப்போது 70 நொட்டில் ஓடுகிறது. 500 அடியில் தென்னை மட்டைகள் விர்ரென்று பின்னால் போகின்றன. "அதிக வேகம்" என்று கண் சொல்கிறது, கை திரொட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) அரை அங்குலம் பின்னால் இழுக்கிறது. அவர் இழுத்ததையே உணர மாட்டார். வேகமானி 60இலிருந்து 53க்கு வருகிறது. அடுத்து பேஸுக்கு (ஃபைனலுக்கு முந்திய குறுக்குப் பக்கத்துக்கு) திரும்பும்போது காற்று விமானத்தை வெளிப்பக்கமாகத் தள்ள, விமானம் வெளியே சறுக்குவதுபோல ஒரு தோற்றம். அதைத் திருத்த ரடரை (வால் சுக்கானை) மிதிக்கிறார். வேகம் குறைந்து, சாய்ந்து, ரடர் மிதிபட்ட நிலை: சுழன்று விழுவதற்கான எல்லாப் பொருளும் 500 அடியில் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டன. 30 பாகைச் சாய்வில் ஸ்டோல் வேகம் (சிறகு தூக்குவிசையை இழக்கும் வேகம்) 7 விழுக்காடு கூடுகிறது, 45 பாகையில் 19 விழுக்காடு.

வாயால் விளக்கி இது போகாது. 3,000 அடிக்கு ஏறி மெதுவான பறப்பில் திருப்பங்களைச் செய்வியுங்கள். அங்கே தரை ஏமாற்றாது, எல்லாம் சரியாக வரும். பிறகு நல்ல காற்றுள்ள நாளில் 500 அடியில் நீங்களே பறந்து, மாணவரை வெளியே மட்டும் பார்க்கச் சொல்லி, டவுன்விண்டில் "இப்போது எத்தனை நொட்?" என்று கேளுங்கள். அவர் 75 என்பார். வேகமானியைக் காட்டுங்கள், 60. அந்த இடைவெளியைத் தன் கண்ணால் கண்டவர் பிறகு திரொட்டிலைத் தொடுமுன் கருவியைப் பார்ப்பார். திருப்பத்துக்கு முன், நடுவில், முடிவில் என்று மூன்று முறை வேகத்தையும் பந்தையும் வாயால் சொல்வதை விதியாக்குங்கள். சாய்வு 30 பாகைக்கு மேல் வேண்டாம்.

வேகத்தை ஏன் 60க்குக் குறைக்கிறோம் என்று கேட்கும் மாணவருக்கு எண்ணால் பதில் சொல்லலாம். 30 பாகைச் சாய்வில் 90 நொட்டில் திருப்ப ஆரை 380 மீற்றர், 60 நொட்டில் 170 மீற்றர். மழைக்கும் மலைக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் அந்த 210 மீற்றர்தான் தப்பும் வழி.

சுற்றிவிட்டு வந்தால் நிலத்தைக் காணவில்லை

தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு வெட்டவெளி இன்னொன்றைப் போலவே இருக்கும். நிலத்தை மட்டும் மனதில் வைத்தால் தொலைந்துபோகும். அதைச் சுற்றி மூன்று அடையாளங்களைப் பிடிக்க வேண்டும்: ஒரு கோயில் கோபுரம், ஒரு தாகபை, ஆற்றின் ஒரு வளைவு. திசைகாட்டியில் இறங்கும் திசையை முதல் சுற்றிலேயே குறித்து, டவுன்விண்டுக்கு அதன் எதிர்த்திசையைப் பிடிக்க வேண்டும். அகலமாகப் போகாமல், நிலம் எப்போதும் இடது சன்னலில் தெரியும்படி சர்க்கிட்டை (இறங்குமுன் சுற்றிவரும் பாதையை) சுருக்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

அடையாளம் தேடும்போதே தொலைத்தொடர்புக் கோபுரங்களையும் தேடச் சொல்லுங்கள். மின்கம்பி 500 அடியிலிருந்து தெரியாது, கம்பங்கள் தெரியும். இரண்டு கம்பங்களைக் கண்டால் நடுவே கம்பி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வீடு இருக்கும் இடமெல்லாம் கம்பி உண்டு.

காற்றின் திசையைத் தலைகீழாகச் சொல்கிறார்

புறப்பட்டபோது இருந்த காற்றை வைத்தே பேசுகிறார். கரையோரத்தில் காலையில் தரைக்காற்று, முற்பகலுக்குப் பின் கடற்காற்று என்று திசையே மாறும். புகை, கொடி, கொடியில் காயும் துணி, தென்னை ஓலை சாயும் பக்கம் எல்லாம் உதவும். பொல்கொட ஏரி கண்ணில் பட்டால் அதைவிட நல்ல காற்றுக்காட்டி இல்லை: தண்ணீர் கண்ணாடிபோல அசையாமல் இருக்கும் கரைதான் காற்று வரும் பக்கம்.

எஞ்சின் மெல்லத் தடுமாறுகிறது

152இல் எரிபொருளையும் காற்றையும் கலக்கும் கார்புரேற்றர் உண்டு. 30 பாகை வெயிலில் பனிக்கட்டி எப்படிப் பிடிக்கும் என்று மாணவர் சிரிப்பார். கொழும்பின் ஈரப்பதத்தில், குறைந்த சக்தியில், கார்புரேற்றருக்குள் வெப்பம் இருபது பாகைக்கு மேல் விழலாம், கட்டி பிடிக்கும். திரொட்டிலைக் குறைக்குமுன் கார்ப் ஹீட்டை (கார்புரேற்றருக்குச் சூடான காற்றை அனுப்பும் பிடியை) முழுதாக இழுக்க வேண்டும், நீண்ட மெதுவான பறப்பில் இடையிடையே சோதிக்க வேண்டும். இழுத்தவுடன் சிறிது நேரம் எஞ்சின் இன்னும் மோசமாக உறுமும். அது உருகும் தண்ணீர். பயந்து உடனே தள்ளிவிடக் கூடாது.

ஃப்ளாப் 30க்கு வரவில்லை

சுவிட்சை அழுத்துகிறார், எதுவும் நகரவில்லை. மாஸ்டரை முந்தியே நிறுத்திவிட்டார். 152இன் ஃப்ளாப் மின்சாரத்தில் இயங்குவது. வரிசை மாறக் கூடாது: ரேடியோ பேசி முடிந்தது, ஃப்ளாப் முழுதாக வந்ததைக் கண்ணால் பார்த்தாயிற்று, அதன் பிறகே மாஸ்டர். ஸ்டோல் எச்சரிக்கைக் கொம்பு காற்றால் ஊதப்படுவது என்பதால் மாஸ்டர் நின்றாலும் அது ஒலிக்கும். இதைச் சொன்னால் மாணவருக்கு நிம்மதி. தரையில், எஞ்சின் நின்ற விமானத்தில், கண்ணைக் கட்டிக்கொண்டு இந்த வரிசையை ஐந்து முறை கைவைத்துச் செய்யட்டும்.

ஃபைனலில் உயரம், பிறகு மிதந்துகொண்டே போகிறார்

எஞ்சின் நின்ற பயிற்சியின் பழக்கம் இங்கே ஒட்டிக்கொள்ளும். "எட்டாமல் போய்விடுமோ" என்று உயரத்தைச் சேமித்து வைப்பார். இங்கே சக்தி கையில் இருக்கிறது, சேமிக்கத் தேவையில்லை. மூக்கால் வேகத்தையும் திரொட்டிலால் இறங்கும் வீதத்தையும் பிடித்து, தட்டையாக அல்லாமல் நிதானமான சரிவில் வரட்டும். குறிவைக்கும் புள்ளி நிலத்தின் வாசலில் இருக்க வேண்டும், நடுவில் அல்ல.

55க்குப் பதில் 60இல் வந்தால் வேகம் 9 விழுக்காடுதான் கூட, ஓடும் தூரமோ 19 விழுக்காடு கூடும். மிதக்கும் தூரம் அதற்கும் மேல். அறுபது மீற்றர் மிதந்தால் அந்தத் தென்னையின் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும்.

ரேடியோவில் மௌனம்

வெட்கம்தான் காரணம். "பெரிய விடயமா ஆக்கிடுவாங்களோ" என்று யோசிக்கிறார். இறங்குமுன், உயரம் இருக்கும்போதே பேச வேண்டும். 1,000 அடியிலிருந்து எட்டும் ரேடியோ 500 அடியில் அந்தத் தூரத்துக்கு எட்டாது, தரையிலிருந்து எட்டவே எட்டாது. "பான்-பான்" (மேடேக்கு அடுத்த நிலை அவசர அழைப்பு) மூன்று முறை, அழைக்கும் நிலையம், விமானத்தின் அடையாளம், பிரச்சினை, எண்ணம், இடம், உயரம், ஆட்களின் எண்ணிக்கை. பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே முதலில், பதிலில்லையென்றால் அவசர அலைவரிசையான 121.5. பயிற்சியில் பொத்தானை அழுத்தாமல் உங்களிடம் சொல்லட்டும்.

கோ-அரவுண்ட் செய்யும்போது விமானம் அமிழ்கிறது

இறங்காமல் மறுபடி மேலே ஏறுவதே கோ-அரவுண்ட். அதில் ஃப்ளாப்பை ஒரேயடியாக மேலே தட்டிவிடுகிறார். முழுச் சக்தி, கார்ப் ஹீட் உள்ளே, ஃப்ளாப் 20க்கு, 55 நொட், தடை தாண்டிய பின் மெல்ல மெல்ல மிச்சம். டிரிம் இறங்குவதற்கு வைத்தபடி இருப்பதால் மூக்கு மேலே துள்ளும், முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மாணவர் துள்ளலைக் கண்டு சக்தியைக் குறைப்பார்.

இரத்மலானையில் நன்றாகச் செய்கிறார், வெளியே குழம்புகிறார்

ஓடுபாதை சுமார் 1,800 மீற்றர். எவ்வளவு மிதந்தாலும் நின்றுவிடும், ஆகவே பிழை தெரிவதே இல்லை. பாதையைச் சுருக்குங்கள்: "முதல் 300 மீற்றர் தென்னை, கடைசிப் பாதி வயல்" என்று டவுன்விண்டிலேயே சொல்லுங்கள். தரை தொட்ட இடத்தையும் நின்ற இடத்தையும் ஓரத்து விளக்குகளை எண்ணிக் குறியுங்கள். ஓடுபாதை 04/22 திசையில் (ஏறத்தாழ 40 பாகை, 220 பாகை) இருப்பதால் மேற்கிலிருந்து வரும் 10 நொட் கடற்காற்று ஏறத்தாழ 8 நொட் பக்கக்காற்றாக விழும். பின்னேரப் பயிற்சியில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். வெளியே போகும்போது முன்பே நீங்கள் பார்த்துவைத்த இடத்தைக் கொடுக்காதீர்கள். மாணவர் தெரிந்தெடுத்த இடத்தில், 500 அடி வரை, முழு வரிசையையும் செய்து கோ-அரவுண்ட் போகட்டும். பிறகு தரையில் அந்த இடத்தின் செய்மதிப் படத்தைத் திறந்து, அவர் சொன்ன நீளத்தையும் உண்மை நீளத்தையும், அவர் காணாத கம்பங்களையும் அவரே அளந்து எழுதட்டும்.

உண்மையில் இறங்கிவிட்டால் அடுத்த நிமிடம் என்ன செய்வது என்பதும் பாடம்தான், பலர் விட்டுவிடுகிறார்கள். மிக்ஸ்சர் (எரிபொருள் கலவைப் பிடி) வெளியே, இக்னிஷன், எரிபொருள் வால்வு, மாஸ்டர் நிறுத்தம், எல்லோரும் வெளியே, விமானத்துக்குப் பின்பக்கமாக விலகி நிற்றல். கூட்டம் சில நிமிடத்தில் சேரும், ஒருவரையும் புரொப்பெல்லர் பக்கம் அண்டவிடக் கூடாது. தொலைபேசியில் பயிற்சிப் பாடசாலைக்கும் டவருக்கும் சொல்ல வேண்டும். முகில் கலைந்து வானம் வெளித்தாலும் மாணவர் அங்கிருந்து தானாகப் புறப்படக் கூடாது: இறங்க 450 மீற்றர் போதிய நிலத்தில் புல்லிலிருந்து எழும்ப அதைவிட நீளம் வேண்டும்.